பரணில் நால்வர்

முதல் மாலை

பரணின் ஏணிக்கு ஏழு படி. ஏழாவது படி ஆடுகிறது. அதை மிதிக்காமல், பக்கத்துக் கொம்பைப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று வயலுக்குச் சொந்தக்காரர் சொல்லித்தந்தார். அவரை நான் ‘அய்யே’ என்கிறேன், அவர் என்னை ‘மல்லி’ என்கிறார். சிங்களத்தில் அண்ணனும் தம்பியும். பரணை இங்கே ‘பெல’ என்பார்கள். இரவெல்லாம் தனியே காவல் இருந்தவர்கள் தூக்கத்தை விரட்டப் பாடியவை ‘பெல் கவி’. அய்யே பாடுவதில்லை. ரேடியோ வைத்திருக்கிறார்.

மேற்கே நக்கிள்ஸ் மலை. வடக்கே வஸ்கமுவ காடு. கிழக்கே, பார்வைக்கு எட்டாத தூரத்தில் மகாவலி. நடுவில் மினிப்பே இடதுகரை வாய்க்கால் தண்ணீரில் விளைந்து மஞ்சள் தட்டிவிட்ட பெரும்போக நெல். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, ரிவஸ்டன், இலுக்கும்புர, பல்லேகம என்று மலையேறி மறுபக்கம் இறங்கி வந்தேன். மாவட்டம் ஒன்றுதான். ரிவஸ்டனில் போட்டுக்கொண்ட ஸ்வெட்டரை வில்கமுவவில் கழற்றிப் பைக்குள் திணித்தேன்.

அதே பையில் கமராவும் முக்காலியும். இந்தப் பரணில் என்னையே நாலு பேராக வைத்து ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். இந்தக் கிழமை வேறு வேலை இல்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அப்பா அந்த வித்தையை மற்றவர்களுக்குச் செய்து கொடுத்தார். தனக்கு ஒருபோதும் செய்துகொள்ளவில்லை.

அப்பாவின் மூடி

மாத்தளை டவுனில் அப்பா ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். படச்சுருளை நகர்த்தாமலே ஷட்டரை மறுபடி ஏற்ற முடிகிற பழைய கமரா. லென்ஸ் மூடி ஒன்றைச் சரிபாதியாக வெட்டி வைத்திருந்தார். அதை மாட்டினால் காட்சியில் ஒரு பாதி இருண்டுவிடும். மறுபாதியில் ஆளை உட்கார வைத்து ஒரு தடவை அழுத்துவார். பிறகு மூடியைத் திருப்பி, ஆளை எழுப்பி மற்றப் பக்கம் உட்கார வைத்து இன்னொரு தடவை. சுருளின் ஒரே கட்டத்தில் இரண்டு பாதியும் வந்து சேர்ந்துகொள்ளும். விலைப்பட்டியலில் ‘டபுள் ஆக்ட்’ என்று எழுதியிருந்தார்.

பெயர் சினிமாவிலிருந்து வந்தது. பால்கே 1917இல் இலங்கை எரிந்த கதையை ‘லங்கா தகன்’ என்று எடுத்தபோது, அன்னா சாலுங்கே என்ற ஒரே நடிகர் ராமராகவும் சீதையாகவும் வந்தார். தமிழில் 1940இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தம புத்திரன்’. டி.ஆர்.சுந்தரம் எடுத்தார், பி.யு.சின்னப்பா இருவராக நின்றார். அப்பாவின் தலைமுறைக்கு 1965இன் ‘எங்க வீட்டுப் பிள்ளை’. கோழையான எம்.ஜி.ஆரையும் துணிந்த எம்.ஜி.ஆரையும் பார்த்துவிட்டு வந்த பையன்கள் மறுநாளே ஸ்டூடியோவுக்கு வந்து, தன் தோளில் தானே கைபோட்டு நிற்க வேண்டும் என்பார்களாம்.

அது முடியாது. இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. திரைச்சீலையின் விளிம்பிலோ கதவு நிலையிலோ அந்தக் கோட்டை அப்பா ஒளித்துவைப்பார். ‘கோட்டத் தாண்டுனா கை போயிரும் தம்பி’ என்பார். பையன்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் வெறும் கதிரையைப் பார்த்துச் சிரிப்பார்கள். கழுவி வந்த படத்தில் அந்தக் கதிரையில் இருப்பவனும் இவனைப் பார்த்துச் சிரிப்பான்.

இரண்டாம் நாள்

இப்போது மூடி வேண்டாம், கோடும் வேண்டாம். முக்காலியை ஊன்றிவிட்டால் பிறகு தொடக் கூடாது. ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வெளிச்ச அளவையும் நிறச் சமநிலையையும் கமராவின் போக்கில் விடக் கூடாது. விட்டால் ஒவ்வொரு தடவையும் அது புதிதாக யோசிக்கும், ஒரு படத்தின் வானம் இன்னொன்றின் வானத்தோடு சேராது. பத்து விநாடிக்கு ஒன்றாகத் தானே எடுக்கும்படி வைத்துவிட்டு, ஆள் இடம் மாறி மாறிப் போய் நிற்க வேண்டும். பிறகு கணினியில் எல்லாவற்றையும் அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கிலும் ஆள் இருக்கும் பகுதியை மட்டும் விட்டு மற்றதை மறைக்க வேண்டும்.

முதலில் ஆளே இல்லாமல் ஒன்று எடுத்துக்கொள்வது வழக்கம். வெறும் பரண், வெறும் ஏணி, பின்னால் காடு. நாலு பேரும் கடைசியில் வந்து உட்காரப்போவது அந்தப் படத்தின் மேல்தான்.

கமராவைத் தெற்கு வரம்பில் வடக்கு பார்த்து வைத்தேன். பரணுக்குப் பின்னால் காட்டின் விளிம்பு முழுதாக வந்தது. ஒருவன் ஏணியில். ஒருவன் பரணின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு. ஒருவன் தேநீர்க் கோப்பையோடு. ஒருவன் கீழே வரம்பில், ஏணியில் நிற்பவனைப் பார்த்துச் சிரித்தபடி. இடம் மாறும்போதெல்லாம் ஒரு விஷயம் உறைத்தது. ஒருவனாக இருந்த இடத்தை விட்டு எழுந்தால்தான் அடுத்தவனாக முடிகிறது. சிரிக்கிறவனுக்கு எதிரே ஏணியில் யாரும் இல்லை. ஏணியில் நின்றவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஆளில்லாத இடங்களுக்கு நாலு தடவை நடித்துக் காட்டினேன். அய்யே தூரத்தில் வாய்க்கால் மடையைச் சரிசெய்தபடி இதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

நிழல்

படம் கெட்டுப்போனது. காரணம் அந்த ஏழாவது படி. ஏறவும் இறங்கவும் நேரம் பிடித்தது. முதலாமவனை எடுத்தபோது மணி ஐந்து, நாலாமவனை எடுத்தபோது ஐந்து இருபது.

வெயில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. மார்ச் மாதத்தில் இந்தப் பக்கத்துச் சூரியன் அநேகமாக நேர்க்குத்தாக இறங்கும். ஐந்து மணிக்கு அது தொடுவானத்திலிருந்து சுமார் 20 பாகை உயரம், ஐந்து இருபதுக்கு 15. ஐந்தரை அடி மனிதனுக்கு முதலில் 15 அடி நிழல், பிறகு இருபதடிக்கு மேல். இருபது நிமிடத்துக்குள் ஐந்தடி நீண்டுவிட்டது. கணினியில் அடுக்கிப் பார்த்தபோது நாலு முகமும் ஒரே நொடியில் இருப்பதாகச் சாதித்தன. தரையில் கிடந்த நிழல்கள் ஆளுக்கொரு மணி சொல்லின.

இன்னொரு பிழையும் நேர்ந்தது. வரம்பில் நின்றவனை நகர்த்துவதற்காக மறைத்தேன். ஆள் மறைந்தான், நிழல் மறைய மறந்துவிட்டது. வரம்பின் மேல் யாருடையதும் இல்லாத ஒரு நிழல். அதை அழிக்கவில்லை. கெட்ட படங்களோடு அதையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

சுவரில்

கமரா வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே ஒரே ஆளை ஒரே சுவரில் பல தடவை தீட்டியிருக்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்தில் தெகல்தொருவ குகை விகாரையில் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், பட்டை பட்டையாக நீள்பவை. அதில் வெசந்தர இளவரசர் வருகிறார். நாட்டுக்கு மழை தரும் வெள்ளை யானையைத் தானம் கொடுக்கிறார். கொஞ்சம் தள்ளித் தேரில் போகிறார். தேரையும் கொடுத்துவிட்டு நடக்கிறார். நடுவில் சட்டம் இல்லை, கோடு இல்லை. ஒரு மரமோ ஒரு வீட்டின் ஓரமோ வந்தால் நேரம் மாறிவிட்டது என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்வழியில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் இருந்த சோழர் ஓவியத்தை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அங்கே சுந்தரர். கலியாணப் பந்தலில் ஓலையோடு வந்து வழக்குப் பேசும் கிழவர் ஒரு பக்கம், வெள்ளை யானையில் கைலைக்குப் போகும் சுந்தரர் ஒரு பக்கம், முன்னால் குதிரையில் சேரமான் பெருமாள். ஒருவர் வெள்ளை யானையைக் கொடுத்தவர், மற்றவருக்கு வெள்ளை யானை வந்து சேர்ந்தது. நேற்றிரவு படுத்திருந்தபோது இரண்டு சுவர்களும் ஒன்றையொன்று கூப்பிட்டன.

இரண்டிலும் ஒன்று கவனித்தேன். எத்தனை சுந்தரர் இருந்தாலும் ஒரு சுந்தரர் இன்னொரு சுந்தரரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வழக்கில் நிற்பவருக்கு வழக்கு, யானைமேல் இருப்பவருக்குக் கைலை. அவரவர் காரியத்தில் அவரவர். அப்பாவின் ஸ்டூடியோவுக்கு வந்த பையன்கள் பக்கத்துக் கதிரையிலிருக்கும் தங்களையே பார்த்தார்கள். என்னுடைய வரம்பு ஆளும் அதைத்தான் செய்கிறான்.

கண்ணாடி

ஒஸ்கார் ரெய்லாண்டர் லண்டனில் இருந்த படக்கலைஞர். 1857இல் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களை ஒட்டி ஒரே காட்சியாக்கியவர். 1871 வாக்கில், ஓவியர் உடையில் இருக்கும் ரெய்லாண்டர் தொண்டர் படைச் சீருடையில் இருக்கும் ரெய்லாண்டரை நமக்கு அறிமுகம் செய்துவைப்பதாக ஒரு படம் செய்தார். அவருக்குப் பழக்கமான ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் தங்கி இங்குள்ளவர்களைப் படம் எடுத்தார். 1879இல் இறந்தார். பொகவந்தலாவையில் தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு தேவாலயத்து மண்ணில் கிடக்கிறார். சீமைக் கதை என்று நினைத்தால் அதன் ஒரு நுனி நம் மலைக்குள் வந்து புதைந்திருக்கிறது.

1917இல் நியூயோர்க்கில் மார்செல் டூஷாம்ப் ஒரு கடைக்குப் போய் எடுத்துக்கொண்ட படத்தில் அவர் ஐந்து பேராக மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார். ஒட்டுவேலை இல்லை, வெட்டிய மூடியும் இல்லை. கீல் போட்ட இரண்டு கண்ணாடிகளுக்கு எதிரே ஆளை உட்கார வைத்து எடுப்பது. கண்ணாடிகளுக்கு நடுவே 72 பாகை இருந்தால் ஒருவர் ஐவராவார், 360ஐ 72 ஆல் வகுக்கிற கணக்கு. சந்தைகளில் காசு கொடுத்து யாரும் எடுத்துக்கொண்ட வேடிக்கைப் படம்தான்.

அந்த வகைப் படத்தில் நான்கு முகங்கள் பிம்பங்கள். கமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறவர்தான் ஆள்.

காது கிழிந்தவன்

மூன்றாம் நாள் விடிகாலையில் யானைவெடிச் சத்தம். பிறகு பக்கத்து வயல்களிலிருந்து கூச்சல், டோர்ச் வெளிச்சம், நாய்கள். விடிந்ததும் வாய்க்காலோரம் ஆட்கள் கூடினார்கள். நாலு யானை வந்தது என்றார் ஒருவர். மின்வேலி சாய்ந்த இடத்தில் ஒன்று, மாமரத்தடியில் ஒன்று, களத்தில் ஒன்று, வாய்க்காலைக் கடந்து போனது ஒன்று. ஆளுக்கொரு யானையைப் பார்த்திருந்தார்கள்.

அய்யே பொறுமையாகக் கேட்டார். “ஒன்றுதான். வலது காது கிழிந்தவன். நாலு இடத்துக்கும் அவனேதான் போனான்.”

அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. இங்கே ஆண் யானைகளிலும் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருப்பதில்லை. தந்தத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. ஆய்வு செய்பவர்கள் காதின் கிழிசல், காதோரத்து மடிப்பு, வாலின் முடி, முதுகின் வளைவு என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் படக்கோப்பு வைத்திருப்பார்கள். நூறு படத்தில் எத்தனை யானை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை. 2011 ஆகஸ்டில் நாடு முழுக்க நீர்நிலைகளின் ஓரம் ஆட்களை நிறுத்தி எண்ணியபோது 5,879 யானைகள் என்று கணக்கு வந்தது. இரண்டு குளத்தில் தண்ணீர் குடிக்கிற ஒன்று இரண்டாகிவிடக் கூடாதே என்ற கவலை எல்லாக் கணக்கெடுப்பிலும் உண்டு.

ஒன்றை நாலாக்க நான் மூன்று நாளாகப் பாடுபடுகிறேன். நாலை ஒன்றாக்க அய்யேவுக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. இரவெல்லாம் காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவருடைய வாக்கியம்.

இரண்டு சட்டைகள்

அப்பா சொன்ன ஒரு ‘டபுள் ஆக்ட்’. எழுபதுகளின் தொடக்கம். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று தோட்டத்துச் சனங்கள் பிரிக்கப்பட்டு, குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். ஒரு தோட்டத்திலிருந்து ஓர் இளைஞர் ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய இரண்டு சட்டைகள். ஒன்று அவருடையது, மற்றது அண்ணன் விட்டுப்போனது. அண்ணன் குடும்பத்தோடு அந்தக் கரைக்குப் போய்விட்டார். அம்மா இங்கே படுக்கையில். இரண்டு மகனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அண்ணன் தம்பிக்கு ஒரே சாயல்.

அப்பா திரைச்சீலையின் விளிம்பில் கோட்டை வைத்தார். முதலில் தம்பி. பிறகு சட்டையை மாற்றி, தலையை வேறு பக்கம் வாரி அண்ணன். வழக்கமாகப் பக்கத்துக் கதிரையைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறவர், அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை. லென்ஸைத் தொட்டுக் காட்டி, “அம்மா இங்க நிக்கிறாங்கன்னு நெனச்சுப் பாருங்க தம்பி” என்றாராம். இரண்டு தடவையும் அதையே சொன்னாராம்.

படத்தைப் பார்த்து அந்தத் தாய் என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். “அதெல்லாம் கேக்கக் கூடாது” என்றார் அப்பா.

தன் வித்தையில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று கடைசிக் காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் சொன்னதில்லை. பரணில் உட்கார்ந்து இதை எழுதும்போது கொஞ்சம் விளங்குகிறது. அந்தப் படத்தில் இருக்கும் இருவரில் ஒருவரும் தன்னைப் பார்க்கவில்லை.

நான்காம் நாள்

இந்தத் தடவை முன்கூட்டியே ஏறி இறங்கிப் பழகிக்கொண்டேன். ஏழாவது படியை மறக்கவில்லை. நாலு பேரையும் ஆறு நிமிடத்துக்குள் எடுத்து முடித்தேன். காற்று இல்லை, மேகம் இல்லை. நெற்கதிர்கூட இருந்த இடத்திலேயே நின்றது. இரவு விளக்கடியில் உட்கார்ந்து அடுக்கினேன். நிழல்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கவில்லை. அவரவர் நிழல் அவரவர் காலடியிலிருந்து ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. பழுது சொல்ல முடியாத படம்.

காலையில் தேநீர் கொண்டுவந்த அய்யேவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எப்படிச் செய்தாய் என்று கேட்பார் என எதிர்பார்த்து, விளக்கத்தைச் சிங்களத்தில் மனதுக்குள் தயாரித்து வைத்திருந்தேன். அவர் ஒவ்வொருவராக விரல் வைத்து எண்ணினார்.

“நாலு மல்லி இருக்கிறாங்க,” என்றார். “காட்டைப் பார்க்கிற மல்லி எங்கே?”

மறுபடி பார்த்தேன். ஏணியில் இருப்பவன் கமராவைப் பார்க்கிறான். கால் தொங்கப்போட்டவனும் கமராவைப் பார்க்கிறான். தேநீர் குடிப்பவன் கோப்பையின் விளிம்புக்கு மேலே கமராவைப் பார்க்கிறான். வரம்பில் நிற்பவன் தன்னையே பார்த்துச் சிரிக்கிறான். நாலு முதுகுக்கும் பின்னால் வஸ்கமுவ காடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

அய்யே கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குறை சொன்னதாக அவருக்குத் தோன்றியிருக்காது. காவல் பரண் ஒன்றைப் பார்த்தால் எவரும் கேட்கிற கேள்வி அது.

கடைசி மாலை

ஐந்தாவதாக ஒருவனைச் சேர்க்கலாம் என்று முக்காலியைப் பழைய தடத்திலேயே ஊன்றினேன். அது அங்குலம் பிசகாமல் பொருந்தியது, வெளிச்சம் பொருந்தவில்லை. நக்கிள்ஸ் பக்கமிருந்து மேகம் வந்து வெயிலை மூடிவிட்டது. நிழலே விழவில்லை. நிழலுள்ள நால்வரோடு நிழலில்லாத ஒருவனை உட்கார வைக்க எந்த மென்பொருளாலும் முடியும்தான். எனக்கு மனம் வரவில்லை.

இருந்தாலும் கமராவை ஓட விட்டுவிட்டு ஏறினேன். காட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பின்னால் பத்து விநாடிக்கு ஒரு தடவை ஷட்டர் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதை எண்ணுவதை விட்டுவிட்டேன். காட்டின் விளிம்பில் முதலில் மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன, பிறகு கூட்டமாக, பிறகு ஒரே கறுப்பாக. அந்தக் கறுப்பில் ஓரிடம் மட்டும் மெல்ல அசைந்தது. காற்று என்று நினைத்தேன். காற்று இல்லை. அசைந்த இடத்தில் ஒரு காது விரிந்து மடிந்தது. வலது காதா என்று தெரியவில்லை. கிழிசல் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கமராவில் விழுந்தவை 212 படங்கள். எல்லாவற்றிலும் ஒரே பரண், ஒரே ஆள், ஒரே இடம். போகப் போக இருட்டிக்கொண்டே போகிறது. முதுகு மட்டும் தெரிகிறது.